செல் இழுக்கும் இழுவையை எப்படி அளப்பது? சேலத்திலும் ஏற்காட்டிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

அஸ்தம்பட்டியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். அதற்கு முன் சில வருடங்கள் ஓர் ஆய்வகத்தில் பி செல்களை (கிருமிக்கு எதிராக ஆன்டிபாடி செய்யும் வெள்ளணுக்களை) நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது தெரிந்ததும் மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் சித்தப்பா, ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் டீ குடிக்க உட்காரும் நண்பர்கள் என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். ஒரே கேள்விக்குப் பத்துத் தடவை பதில் சொல்வதற்குப் பதிலாக எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

உடம்பில் இருக்கிற ஒரு செல் எதையாவது "இழுக்கும்" என்பதே புதிதாக இருக்கிறதே. எதை இழுக்கிறது?

பாடப்புத்தகத்தில் பூட்டு, சாவி என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். கிருமியின் ஒரு துண்டு ஆன்டிஜென், பி செல்லின் மேல் இருக்கும் ஏற்பி அதற்குப் பொருத்தமானது, இரண்டும் சேர்ந்தால் வேலை முடிந்தது என்று. உண்மையில் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

காய்ச்சல் வந்தால் கழுத்திலோ அக்குளிலோ "நெறி கட்டியிருக்கு" என்கிறோமே, அந்த நிணநீர்க் கணுக்குள்தான் இது நடக்கிறது. அங்கே ஆன்டிஜென் பெரும்பாலும் தண்ணீரில் மிதக்கும் தூசு மாதிரி சும்மா கிடப்பதில்லை. கிளை கிளையாக நீண்ட கைகளுள்ள வேறு வகைச் செல்கள் அதைத் தங்கள் சவ்வின் மேல் பிடித்து வைத்திருக்கும். பி செல் அங்கே வந்து ஒட்டி, தோசை மாவு கல்லில் பரவுகிற மாதிரி அகலமாகப் பரவி, பிறகு சுருங்கும். சுருங்கும்போது தன் ஏற்பிகளில் மாட்டிய ஆன்டிஜெனைப் பிடுங்கி உள்ளே எடுத்துக்கொள்ளும். பி செல் இன்னொரு செல்லின் சவ்விலிருந்தே ஆன்டிஜெனைப் பறித்துக்கொள்கிறது என்று 2001-இல் பட்டிஸ்டா, ஐபர், நியூபெர்கர் மூவரும் காட்டினார்கள்.

உள்ளே போன ஆன்டிஜென் துண்டுதுண்டாகும். அந்தத் துண்டுகளை வெளியே தூக்கிக் காட்டித்தான் டி செல் என்ற இன்னொரு வகை வெள்ளணுவிடம் பி செல் உதவி வாங்க வேண்டும். எவ்வளவு பறித்ததோ அவ்வளவு காட்டலாம்; காட்டியதற்கு ஏற்ப உதவி. ஆகவே பறிப்பதில் கெட்டிக்காரச் செல் பிழைக்கிறது, பெருகுகிறது. மற்றது செத்துப்போகிறது.

மெதுவாக எடுத்துக்கொண்டால் ஆகாதா? எதற்கு இந்த மல்லுக்கட்டு?

இந்தக் கேள்விக்கு ஏற்காட்டில் பதில் சொல்வது சுலபம். சில்வர் ஓக் நிழலில் காப்பிப் பழம் பறிப்பவர்களைப் பக்கத்தில் நின்று பாருங்கள். கொத்தில் ஒரு பழத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து லேசாகத் திருகி இழுப்பார்கள். இழுப்பு வந்ததும் இரண்டில் ஒன்றுதான் நடக்கும்: காம்பு விடும், அல்லது விரல் வழுக்கும். காம்பைவிட விரலின் பிடி உறுதியாக இருந்தால் பழம் கூடைக்கு. இல்லையென்றால் பழம் கிளையிலேயே.

பி செல்லுக்கும் இதேதான். ஏற்பிக்கும் ஆன்டிஜெனுக்கும் நடுவில் இருப்பது விரல் பிடி. ஆன்டிஜெனுக்கும் அதைத் தாங்கியிருக்கும் செல்லுக்கும் நடுவில் இருப்பது காம்பு. இழுக்காமல் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தால் நல்ல பிடிக்கும் சுமார் பிடிக்கும் வித்தியாசம் சீக்கிரம் தெரியாது. இழுத்தால்தான் சுமார் பிடி வழுக்கிவிடும். 2013-இல் பாவெல் டோலரின் லண்டன் குழு இதைத்தான் படம்பிடித்தது. பி செல் மையோசின் என்ற புரதத்தின் சுருக்கத்தால் எதிர்ச் சவ்வை இழுத்துக் குழியாக்குகிறது. வலுவில்லாத பிணைப்புகள் அந்த இழுப்பில் அறுந்துவிடுகின்றன. தாக்குப்பிடித்தவை சவ்வுத் துண்டோடு சேர்ந்து உள்ளே போகின்றன. மையோசின் என்றதும் தசைதான் நினைவுக்கு வரும். நம் கைத்தசையைச் சுருக்கும் அதே குடும்பத்துப் புரதம்தான் இது.

கிளை எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். வளையும் கிளையில் இருக்கும் பழத்தை இழுத்தால் கிளையும் கூடவே வரும், இழுப்பு முழுசாகப் பழத்தில் இறங்காது. விறைப்பான கிளையில் இறங்கும். நிணநீர்க் கணுவில் ஆன்டிஜெனை நெடுநாள் வைத்திருக்கும் கிளைச் செல்கள் விறைப்பானவை. அவற்றின் மேல் பி செல் பலமாக இழுக்க வேண்டியிருப்பதால் நல்ல பிடியையும் மோசமான பிடியையும் பிரித்தறிவது கறாராக நடக்கிறது என்று டோலர் குழு 2017-இல் எழுதியது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த சங்கதி இதுதான். பரீட்சை வைப்பவரின் கெட்டித்தன்மையைப் பொறுத்துப் பரீட்சையின் கடினமும் மாறுகிறது!

எவ்வளவு விசை? கிராம் கணக்கில் சொல்லுங்கள்.

கிராமில் சொன்னால் பூஜ்யங்களை எண்ணியே பொழுது போய்விடும். அலகு பிக்கோநியூட்டன். ஒரு நியூட்டனை லட்சம் கோடி பங்காக்கினால் ஒரு பங்கு.

சமையல்கட்டுக்கு வருவோம். ஒரு கடுகு 2 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் அதன் எடை கிட்டத்தட்ட 2 கோடி பிக்கோநியூட்டன். அந்தக் கடுகை 20 லட்சம் துகளாக்கி ஒரு துகளை ஏற்பியின் நுனியில் தொங்கவிட்டால் 10 பிக்கோநியூட்டன். தனித்தனி ஏற்பியில் விழும் இழுப்பு இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். ஒற்றை மையோசின் மூலக்கூறு தருவதே சில பிக்கோநியூட்டன்தான்.

அதை எந்தத் தராசில் நிறுப்பது?

தராசே கிடையாது. எவ்வளவு இழுத்தால் அவிழும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு முடிச்சைச் செய்து செல்லிடம் கொடுத்து, அவிழ்ந்ததா இல்லையா என்று பார்ப்பது. அவ்வளவுதான் சூட்சுமம்.

முடிச்சு செய்யும் பொருள் டிஎன்ஏ. மரபுச் செய்தி கிய்தி எதுவும் வேண்டாம், இங்கே அது வெறும் நூல். அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன இல்லையா, அதே பெயர்தான் இந்த டிஎன்ஏ வடிவத்துக்கும். ஒற்றை இழை ஒன்று போய், வளைந்து, திரும்பித் தன் மேலேயே ஒட்டிக்கொள்ளும். ஒரு கால் கண்ணாடித் தகட்டில் ஊன்றியிருக்கும். இன்னொரு காலின் நுனியில் ஆன்டிஜென். ஒரு காலின் அடியில் ஒளிரும் சாயம் ஒன்று, மறு காலின் அடியில் அந்த ஒளியை விழுங்கும் மூலக்கூறு ஒன்று. வளைவு மூடியிருக்கும்போது இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். ஒளி வெளியே வராது. செல் வந்து ஆன்டிஜெனைப் பிடித்து இழுத்து, வளைவு நேராகிவிட்டால் இரண்டும் விலகும். உடனே அந்த இடத்தில் ஒரு புள்ளி எரியும்.

எத்தனை பிக்கோநியூட்டனில் வளைவு திறக்க வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஜி-யும் சி-யும் மூன்று ஹைட்ரஜன் பிணைப்பால் சேர்கின்றன, ஏ-யும் டி-யும் இரண்டால். ஜி-சி ஜோடிகளைக் கூட்டினால் திறப்பது கடினம். இப்படி 5-க்குச் சற்றுக் குறைவாக, 13 சுமாருக்கு, 19-க்கு என்று வரிசையாகச் செய்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு தகடாகச் செல்லைக் கேட்பார்கள். அட்லாண்டாவில் காலித் சலைட்டாவின் குழு இந்த வித்தையில் பேர் பெற்றது. டி செல்லின் ஏற்பியில் 12 முதல் 19 பிக்கோநியூட்டன் வரை விழுகிறது என்று 2016-இல் அவர்கள் இப்படித்தான் சொன்னார்கள். செல் விட்டுவிட்டால் வளைவு மறுபடி மூடிக்கொள்ளும், புள்ளி அணையும். ஆகவே இழுப்பு கூடுவதையும் குறைவதையும் நேரடியாகப் பார்க்கலாம்.

ஒரே டிஎன்ஏ நூலை ஒரு தரம் சுலபமாகவும் இன்னொரு தரம் கஷ்டமாகவும் அறுக்கலாம் என்று ஒரு காணொளியில் சொன்னார்களே. எப்படி?

பள்ளிக்கூட ஷூவில் இருக்கும் வெல்க்ரோ பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தைத் தூக்கி உரித்தால் பர்ரென்று வந்துவிடும். பட்டையை அதன் நீளவாட்டில் பிடித்து இழுத்துப் பாருங்கள், ஷூவே கையோடு வரும். உரிக்கும்போது ஒரு நேரத்தில் ஒரு வரிசைக் கொக்கி மட்டும் தாங்குகிறது. நீளவாட்டில் இழுத்தால் எல்லாக் கொக்கிகளும் ஒன்றாகத் தாங்குகின்றன.

இரட்டை இழை டிஎன்ஏவும் அப்படியே. கண்ணாடியில் ஊன்றும் இடத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்த்திக்கொண்டே போனால், அதே நூல் 12 பிக்கோநியூட்டனிலிருந்து 56 வரை வெவ்வேறு இழுப்பில் அறுகிறது. சூஃபெங் வாங்கும் டேக்ஜிப் ஹாவும் 2013-இல் கொண்டுவந்த யோசனை இது. இதில் அறுந்தது அறுந்ததுதான், மறுபடி மூடாது. ஆனால் வேறொரு கேள்விக்கு இது விடை தரும்: இவ்வளவுக்கு மேல் இழுக்கவே முடியாதபடி செய்துவிட்டால் செல் விழித்துக்கொள்ளுமா, தூங்கிவிடுமா? சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் வான்லி லியுவின் குழு 2015-இல் பி செல்லை இப்படிச் சோதித்தது. முதன்முதலாகக் கிருமியைப் பார்க்கும் பி செல்லின் ஐஜிஎம் ஏற்பிக்கு இழுப்பு கூடக் கூடத்தான் விழிப்பும் கூடுகிறது. ஏற்கெனவே ஒரு தடவை பார்த்துத் தேறிய ஐஜிஜி வகைக்கு 12-க்குக் குறைவான இழுப்பே போதும். அனுபவசாலிக்கு ஒரு சைகை போதும் என்கிற மாதிரி.

அப்படியென்றால் "பி செல்லின் பலம் இத்தனை" என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். தேர்வுத் தாளிலும் எழுதாதீர்கள், வாட்ஸ்அப்பிலும் வேண்டாம்.

முடிச்சு அவிழ்ந்தது என்றால் இழுப்பு அந்த அளவைத் தாண்டியது என்று மட்டும் பொருள். எவ்வளவு தாண்டியது என்று தெரியாது. இரண்டாவது சிக்கல் நேரம். கொஞ்சமாக இழுத்து வெகுநேரம் பிடித்திருந்தால் நூல் தானாகவே விட்டுவிடும். வெடுக்கென்று இழுத்தால் அதே நூல் அதிக விசையைத் தாங்கும். அதனால்தான் 12, 56 என்ற எண்களெல்லாம் "2 விநாடிக்குள் அறுக்கத் தேவையான விசை" என்ற நிபந்தனையோடு வருகின்றன. நிபந்தனையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுவது நம் ஆட்களின் பழக்கம்.

மூன்றாவது சிக்கல், ஏமாறுவது. என் கதையையே சொல்கிறேன். ஒரு ராத்திரி நான் வைத்த தகடு முழுக்கப் பளபளவென்று எரிந்தது. 19 பிக்கோநியூட்டன் முடிச்சு, எல்லாமே திறந்திருக்கிறது! பெரிய கண்டுபிடிப்பு என்று சீனியர் அக்காவை விடுதியிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்தேன். தூக்கக் கலக்கத்தோடு திரையைப் பார்த்தவர், செல்லே இல்லாத ஒரு மூலைக்கு நகர்த்தினார். அங்கேயும் எரிந்தது.

"இங்க யாருடா இழுக்கறாங்க?" என்றார்.

நான் பயன்படுத்திய கரைசல் புட்டியில் டிஎன்ஏவைக் கடிக்கும் நொதி கலந்திருந்தது. நூலை அதுதான் மென்று தின்றிருந்தது. அன்றிலிருந்து மூன்று தகடு இல்லாமல் நான் எதையும் நம்புவதில்லை: செல்லே போடாத தகடு, அந்த ஆன்டிஜெனை அடையாளம் தெரியாத செல் போட்ட தகடு, மையோசினை முடக்கும் பிளெபிஸ்டாட்டின் மருந்து கொடுத்த செல் போட்ட தகடு. மூன்றும் இருட்டாக இருந்தால்தான் நான்காவதில் எரிகிற புள்ளிக்கு மரியாதை. அந்த மருந்திலும் ஒரு வம்பு உண்டு. நீல ஒளி பட்டால் அதுவே செல்லுக்கு நஞ்சாகிவிடும்.

கொலுசுப் பட்டறையிலிருந்து: "இழுத்தா பத்த வெச்ச எடம் விட்டுரும் கண்ணு. இழுக்க இழுக்க இறுகுற பிணைப்புன்னு ஏதாச்சும் இருக்குதா?"

இருக்கிறது சித்தப்பா. வெள்ளியில் பற்றவைத்த இடம் நீங்கள் சொல்கிற மாதிரிதான். இழுப்பு கூடினால் ஆயுள் குறையும். பெரும்பாலான மூலக்கூறுப் பிணைப்புகளும் அந்த ரகமே. ஆனால் சில பிணைப்புகள் சுருக்குக் கயிறு மாதிரி. ஓரளவு வரை இழுக்க இழுக்கப் பிடி நீடிக்கும், அதைத் தாண்டினால்தான் விடும். ரத்தக் குழாயின் சுவரில் வெள்ளணுக்கள் உருண்டுபோகும்போது பிடித்துக்கொள்ளும் ஒரு புரதத்தில் இது 2003-இல் அளந்து காட்டப்பட்டது. டி செல் ஏற்பியிலும் உண்டு என்று செங் ஜூவின் குழு 2014-இல் சொன்னது. சரியான ஆன்டிஜென் என்றால் 10 பிக்கோநியூட்டன் பக்கத்தில் பிடி மிக நீளமாக நிற்கிறது, தப்பான ஆன்டிஜென் என்றால் இழுத்ததும் நழுவுகிறது. இழுத்துப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

டிஎன்ஏ முடிச்சு தவிர வேறு கருவியே இல்லையா?

நிறைய உண்டு. லேசர் ஒளியாலேயே ஒரு மணியைப் பிடித்து இழுக்கும் ஒளி இடுக்கி (இதற்காக ஆர்தர் ஆஷ்கினுக்கு 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது, அப்போது அவருக்கு வயது 96). மெல்லிய பலகையின் நுனியால் தொட்டு இழுக்கும் அணுவிசை நுண்ணோக்கி, 1986-இல் வந்தது. பிறகு மிருதுவான ஜெல்லுக்குள் ஒளிரும் மணிகளைப் புதைத்து, செல் இழுக்கும்போது மணிகள் எவ்வளவு நகர்கின்றன என்று கணக்குப் போடும் முறை. முதல் இரண்டும் ஒரு பிணைப்பைத் தனியாகக் கேட்கும். ஜெல் முறை மொத்தச் செல்லின் இழுப்பைச் சொல்லும். ஒரு செல்லுக்கு அடியில், எந்தெந்த ஏற்பி, எந்த இடத்தில், எப்போது இழுத்தது என்று படமாகக் காட்டுவதில் டிஎன்ஏ முடிச்சுக்கு நிகராக நான் எதையும் சொல்ல மாட்டேன்.

இழுத்து வராவிட்டால் செல் விட்டுவிடுமா?

உடனே விடாது. ஆன்டிஜென் அசையாத கெட்டியான பரப்பில் ஒட்டியிருந்தால், பி செல் தன் உள்ளே இருக்கும் செரிமானப் பைகளை அந்த ஒட்டும் இடத்துக்கே கொண்டுவந்து நொதிகளைக் கொட்டி, காம்பை அரித்து எடுக்கப் பார்க்கும். ஆனால் இன்னொரு உயிருள்ள செல்லிலிருந்து எடுக்கும்போது இழுப்பே பிரதானம். அரித்து எடுப்பதில் ஒரு குறை, பிடி நல்லதா கெட்டதா என்ற சோதனை அங்கே அவ்வளவு கறாராக நடக்காது.

ஏற்காட்டுக் குளிரில் செல்லின் இழுப்பு குறையுமா?

ஏற்காடு 1,500 மீட்டர் உயரம்தான், உங்கள் உடம்புக்குள் அங்கேயும் 37 டிகிரிதான். ஆய்வகத்தில் தகட்டைச் சூடாக வைக்க மறந்தால்தான் பிரச்சினை, செல் சோம்பிவிடும். மலையேறும்போது காது அடைப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மிளகுப் பால், கஷாயம் குடித்தால் இழுவை கூடுமா?

தொண்டைக்கு இதமாக இருக்கும், குடியுங்கள். பிக்கோநியூட்டனுக்கும் அதற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

தடுப்பூசிக்கு இதனால் என்ன லாபம்?

நாளைக்கே ஊசி ஒன்று வந்துவிடாது. ஆனால் ஒரு பழைய புதிருக்கு இதில் விளக்கம் கிடைக்கிறது. தடுப்பூசிக்குப் பிறகு நிணநீர்க் கணுவில் பி செல்கள் தங்கள் ஏற்பியை மாற்றி மாற்றிப் போட்டி போடுகின்றன, பிடி மேம்பட்டுக்கொண்டே போகிறது. ஆனால் ஓர் எல்லைக்கு மேல் போவதில்லை. அந்த உச்சவரம்பைப் பற்றி ஃபூட்டும் ஐசனும் 1995-இலேயே எழுதினார்கள். ஏன் நிற்கிறது? காப்பிப் பழத்துக்குத் திரும்புங்கள். விரல் பிடி காம்பைவிட உறுதியாகிவிட்ட பிறகு, மேலும் பத்து மடங்கு உறுதியாக்கினாலும் கூடைக்கு வரும் பழத்தின் எண்ணிக்கை கூடாது. காம்புதான் எப்படியும் விடப்போகிறதே! ஆகவே அதற்குமேல் கெட்டியாகப் பிடிக்கும் செல்லுக்குத் தனிப் பரிசு இல்லை. இது ஒரு விளக்கம், வேறு விளக்கங்களும் உண்டு. ஆனால் உண்மையென்றால் அடுத்த கேள்வி தானாக வருகிறது: தடுப்பூசியில் ஆன்டிஜெனைக் கட்டியிருக்கும் காம்பை இன்னும் உறுதியாக்கினால் உச்சவரம்பு உயருமா? அல்லது ஒரு செல்லாலும் பறிக்க முடியாமல் எல்லாமே பட்டினி கிடக்குமா? கணக்குப் போடுகிறவர்கள் இப்போது இந்தப் பக்கம்தான் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும். முதலில் திரை கறுப்பு. செல் மெல்ல இறங்குவது பக்கத்துப் படத்தில் சாம்பல் வட்டமாகத் தெரியும். அரை நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு வட்டத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி, கொஞ்சம் தள்ளி இன்னொன்று. இரண்டு மூன்று நிமிடத்தில் புள்ளிகள் திட்டுத்திட்டாகி நடுவை நோக்கி நகரும். சில அணையும், அதே இடத்தில் மறுபடி எரியும். ஏற்காடு லேடீஸ் சீட்டிலிருந்து ராத்திரியில் சேலத்தைப் பார்த்தால் ஒவ்வொரு தெருவாக விளக்கு வருமே, கிட்டத்தட்ட அப்படி.

என்னிடம் பழைய பதிவு ஒன்று மடிக்கணினியில் இருக்கிறது, 11 நிமிடம் ஓடும். ஞாயிறு காலை டியூஷன் முடிந்ததும் பத்து மணிக்கு வந்தால் காட்டுகிறேன். கரண்ட் போய்விட்டால் மட்டும் அடுத்த வாரம்; பேட்டரி அரை மணி நேரம்கூட நிற்பதில்லை.